தொங்கும் கயிற்றில் கோபுரம் கண்டவர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. கணித மாணவன்)

முன்னுரை

வானளாவிய கோபுரங்களைக் கண்டு வியவாதார் யாருமில்லை. ஆனால் அவை விழாமல் எப்படி நிற்கின்றன என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

என் தந்தையார் ஒரு கொத்தனார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். நிலையியல் வகுப்பில் சங்கிலியம் என்னும் வளைகோட்டைப் பற்றிப் படித்தோம். ஒரு சங்கிலியின் இரு முனைகளையும் கட்டித் தொங்கவிட்டால் அது எந்த வடிவத்தில் தொங்குகிறதோ அதுவே சங்கிலியம். அவ்வடிவத்தை அப்படியே தலைகீழாகத் திருப்பிக் கட்டினால் உறுதியான வளைவு கிடைக்கும். இதை அன்று மாலையே வீட்டில் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் தம் தூக்குக்குண்டு நூலை எடுத்து, சுவரில் இருந்த இரண்டு ஆணிகளுக்கு நடுவே தொங்கவிட்டுப் பார்த்தார். வளைவு சரிதான், ஆனால் அதன்மேல் ஒரு பக்கம் சுவரும் ஒரு பக்கம் கூரையும் ஏறினால் அதே வளைவு தாங்குமா என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. என் பாடப் புத்தகத்திலும் இல்லை.

விடை தேடி நூலகத்திற்குச் சென்றேன். அங்கே எனக்குக் கிடைத்தவர்தாம் அந்தோனி கௌடி என்னும் கட்டடக் கலைஞர். கணிப்பொறி தோன்றுவதற்கு முன்பே, கயிற்றையும் ஈயத்தையும் கொண்டு கட்டடங்களுக்கு வடிவம் தேடிய மேதை அவர். அன்னாரின் வாழ்க்கையை நம் கல்லூரி மலர் வாயிலாகச் சொல்வதில் மகிழ்ச்சி அடைகிறேன்.

பிறப்பும் இளமையும்

ஸ்பெயின் நாட்டின் வடகிழக்கில், மத்தியதரைக் கடலோரத்தில் உள்ள நிலப்பகுதி கத்தலோனியா. அங்கே ரேயுஸ் என்னும் ஊரை அடுத்த வட்டாரத்தில் 1852ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் கௌடி பிறந்தார். தந்தை பிரான்செஸ்க் கௌடி செம்புப் பாத்திரங்கள் அடிக்கும் கன்னார். தாய் அந்தோனியாவும் அதே தொழிற் குடும்பத்தில் வந்தவரே. ஐந்து குழந்தைகளில் கௌடி கடைக்குட்டி. அவர்களுள் இருவர் சிறு வயதிலேயே இறந்துபோயினர்.

சிறுவன் கௌடிக்கு மூட்டுவாத நோய் இருந்தது. மற்றச் சிறுவர்கள் ஓடியாடும்போது அவரால் நடக்கவும் முடியாத நாட்கள் பல. கழுதையின்மீது அமர்ந்து செல்வார். ஓட முடியாத பிள்ளை உற்றுப் பார்க்கப் பழகிக்கொண்டது. மரம் எப்படிக் கிளை விரிக்கிறது, நத்தையின் ஓடு எப்படிச் சுருள்கிறது என்பவை அவர் கண்ணில் ஆழப் பதிந்தன. நோய் தந்த தனிமையே அவருக்கு முதற் பள்ளி ஆயிற்று.

இரண்டாம் பள்ளி தந்தையின் பட்டறை. தட்டையான செம்புத் தகடு தந்தையாரின் சுத்தியல் அடியில் வளைந்து, குழிந்து, கொப்பரையாக எழுவதை அவர் நாள்தோறும் கண்டார். வடிவத்தைத் தாளில் அல்லாமல் வெளியில் காணும் ஆற்றல் தமக்கு அந்தப் பட்டறையிலிருந்தே வந்தது என்று பிற்காலத்தில் அவர் பெருமையுடன் சொல்லிக்கொள்வாராம். உலகப் புகழ் பெற்ற பின்னும் தந்தையின் தொழிலை அவர் மறைக்கவில்லை. விண்ணப்பப் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தை நிரப்பும்போது பேனாவைச் சற்றே நிறுத்தியவன் நான். இந்தச் செய்தியைப் படித்தபோது வெட்கப்பட்டேன்.

கல்வியும் துன்பமும்

1868ஆம் ஆண்டு கௌடி பார்சிலோனா நகருக்குச் சென்றார். பின்னர் அங்கிருந்த கட்டடக்கலைக் கல்லூரியில் சேர்ந்தார். படிப்புச் செலவுக்காகக் கட்டடக் கலைஞர்களிடம் வரைபடம் வரையும் வேலை பார்த்தார். பகலில் படிப்பு, மற்ற நேரத்தில் வேலை. மதிப்பெண்களும் அப்படி ஒன்றும் சிறப்பாக இல்லை.

1876ஆம் ஆண்டு அவருக்குப் பெருந்துயர் நேர்ந்தது. மருத்துவம் படித்த அண்ணனும் பெற்ற தாயும் ஒரே ஆண்டில் மறைந்தனர். 1879இல் தமக்கை ரோசாவும் ஒரு பெண் குழந்தையை விட்டுவிட்டு இறந்தார். தாயில்லாத அக்குழந்தையையும் முதிய தந்தையையும் கௌடியே காத்தார். அவர் மணம் செய்துகொள்ளவில்லை.

1878இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டு பாரிஸ் நகரில் நடந்த உலகப் பொருட்காட்சிக்காக ஒரு கையுறைக் கடைக்குக் கண்ணாடிப் பேழை ஒன்றை வடிவமைத்தார். அதைக் கண்டு வியந்தவர் எவுசேபி குவெல் என்னும் ஆலை முதலாளி. அன்று தொடங்கிய நட்பு 1918இல் குவெல் இறக்கும் வரை நீடித்தது. புலவனுக்கு வள்ளல் வாய்த்தது போலக் கௌடிக்குக் குவெல் வாய்த்தார்.

கட்டடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. பார்சிலோனாவின் குவெல் மாளிகை, மலைச்சரிவில் அமைந்த குவெல் பூங்கா, அலை போல் நெளியும் முகப்புடைய மிலா இல்லம் ஆகியவை அவற்றுள் சில. மிலா இல்லத்தை ஊரார் கல் குவாரி என்று கேலி செய்தனர். ஆனால் அதன் மேல்மாடத்தில் 270 செங்கல் வளைவுகள் ஒன்றை அடுத்து ஒன்றாக நின்று கூரையைத் தாங்குகின்றன. அவ்வளவும் தொங்கும் சங்கிலியின் தலைகீழ் வடிவங்களே. கேலி செய்தவர் மறைந்தனர். வளைவுகள் இன்றும் நிற்கின்றன.

தலைகீழ் மாதிரி

இனி, என் தந்தையார் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

சங்கிலியைத் தலைகீழாக்கினால் வளைவு என்ற உண்மையை 1675ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்து அறிஞர் இராபர்ட் ஹூக் கூறிவிட்டார். காரணம் எளிது. கயிற்றை இழுக்கலாம், அழுத்த முடியாது. ஆகவே தொங்கும் கயிற்றின் ஒவ்வொரு புள்ளியிலும் இருப்பது இழுவிசை மட்டுமே. அந்த வடிவத்தைக் கவிழ்த்தால் இழுவிசை முழுவதும் அழுத்தமாக மாறும். கல்லும் செங்கல்லும் இழுவையைத் தாங்கா. அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். எனவே அந்த வளைவு நிலைத்து நிற்கும். 1691ஆம் ஆண்டில் லைப்னிட்ஸ், ஹைகன்ஸ், யோஹான் பெர்னூலி ஆகிய மூவரும் சங்கிலியத்தின் கணக்கைத் தீர்த்தனர். நாம் வகுப்பில் படிப்பது அதைத்தான்.

ஆனால் அந்தச் சூத்திரம் தன் எடையை மட்டும் சுமக்கும் சீரான சங்கிலிக்கே பொருந்தும். உண்மையான கட்டடத்தில் ஓரிடத்தில் கோபுரத்தின் பாரம் இறங்கும், வேறிடத்தில் கூரையின் பாரம் இறங்கும். பாரம் மாறினால் வளைவும் மாறும். ஒரு வளைவு மற்றொன்றின்மேல் அமர்ந்தால் இரண்டும் மாறும். நூற்றுக்கணக்கான வளைவுகள் ஒன்றோடொன்று பின்னி நின்றால், தாளும் பேனாவும் கொண்டு யார் கணக்குப் போடுவது?

1898ஆம் ஆண்டு குவெல் தம் நெசவாலைத் தொழிலாளர் குடியிருப்பில் ஓர் ஆலயம் கட்டித் தருமாறு கௌடியைக் கேட்டார். அக்குடியிருப்பு பார்சிலோனாவுக்கு அருகே சாந்த கொலோமா தெ செர்வெல்லோ என்னும் ஊரில் இருந்தது. கௌடி வரைபலகையின் முன் அமரவில்லை. கட்டடம் எழ வேண்டிய இடத்துக்கு அருகில் ஒரு கொட்டகை போட்டார். அதன் மேற்பகுதியில் ஆலயத்தின் தரைப்படத்தைப் பொருத்தினார். தூண்கள் நிற்க வேண்டிய இடங்களிலிருந்து கயிறுகளைத் தொங்கவிட்டார். கயிற்றோடு கயிற்றை முடிச்சிட்டார். எங்கெங்கே பாரம் இறங்குமோ அங்கங்கே ஈயச் சிறு குண்டுகள் நிரப்பிய துணிப்பைகளைக் கட்டினார். நீளத்தில் பத்தில் ஒரு பங்கு, எடையில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்பது அவர் வகுத்த அளவு. அதாவது கட்டடத்தில் 10 கிலோ பாரத்துக்கு மாதிரியில் 1 கிராம் ஈயம். ஆலயம் முழுவதும் தலைகீழாகத் தொங்கியது!

இனித்தான் வேடிக்கை தொடங்குகிறது. ஒரு பையில் சிறிது ஈயத்தைக் கூட்டினால் அந்தக் கயிறு மட்டும் இறங்காது. அதனோடு முடிச்சிட்ட கயிறுகள் எல்லாம் அசைந்து புதிய நிலைக்கு வந்து நிற்கும். ஒரு கயிற்றை நீட்டினால் ஒரு கோபுரம் உயரும், அதன் பக்கத்துச் சுவர் சாயும். யாரும் போட முடியாத கணக்கைப் புவியீர்ப்பு ஒரு நொடியில் போட்டுக் காட்டியது. கௌடி பார்ப்பார். பிடிக்காவிட்டால் முடிச்சை அவிழ்ப்பார். பிடித்தால் அதை வைத்துக்கொண்டு அடுத்த மாற்றத்தைச் செய்வார். மாதிரியைப் படம் பிடித்து, அப்படத்தைத் தலைகீழாகத் திருப்பி, அதன்மேல் வண்ணம் தீட்டிக் கட்டடத்தின் தோற்றத்தைக் காண்பார். மீண்டும் கயிற்றுக்கு வருவார்.

இப்படியே பத்து ஆண்டுகள் கழிந்தன. 1908இல்தான் கட்டட வேலை தொடங்கியது. 1914இல் அது நின்றுபோயிற்று. நிலவறைப் பகுதி மட்டுமே முடிந்திருந்தது. மேலே எழ வேண்டிய கோபுரங்கள் எழவே இல்லை. பத்தாண்டு உழைப்பு வீண்தானே என்று தோன்றும். அந்நிலவறையின் தூண்கள் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்காமல் சாய்ந்து நிற்கின்றன. பாரம் எந்தத் திசையில் இறங்குகிறதோ அந்தத் திசையிலேயே சாய்ந்திருப்பதால் வெளியிலிருந்து முட்டுக்கொடுக்கத் தேவையில்லை. பழைய ஐரோப்பிய ஆலயங்களைத் தாங்கும் முட்டுச் சுவர்களைக் கௌடி ஊன்றுகோல்கள் என்றே கருதினார். ஊன்றுகோல் இல்லாமல் கட்டடம் நிற்கும் வழியை இந்தக் கொட்டகையில் அவர் கற்றார். கற்றதை வேறோர் இடத்தில் செலவிட்டார்.

தொழிலாளர் பிள்ளைகளின் பள்ளி

அந்த வேறோர் இடம் பார்சிலோனாவின் திருக்குடும்ப ஆலயம். அதைப் பற்றிச் சொல்லுமுன், அதன் வளாகத்தில் 1909ஆம் ஆண்டு கௌடி கட்டிய ஒரு சிறு பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆலயத்தில் வேலை செய்த தொழிலாளர்களின் பிள்ளைகளும் அக்கம்பக்கத்து ஏழைப் பிள்ளைகளும் படிப்பதற்காக எழுந்தது அது.

பணம் குறைவு. ஆகவே சுவருக்கும் கூரைக்கும் மெல்லிய செங்கற்களையே பயன்படுத்தினார். மெல்லிய சுவர் நேராக நின்றால் சாய்ந்துவிடும். அதை அலை போல வளைத்தார், அது உறுதியாக நின்றது. ஒரு தாளை நிறுத்தினால் விழும், அதையே மடித்து நிறுத்தினால் நிற்கும் அல்லவா? கூரையும் அலை வடிவமே. ஆனால் அந்த அலையில் வளைந்த மரம் ஒன்றுகூட இல்லை. நேரான மரச் சட்டங்களை நடு உத்தரத்தின்மேல் ஒன்றை உயர்த்தி ஒன்றைத் தாழ்த்தி வரிசையாக வைத்தார். நேர்கோடுகளின் வரிசையே அலையாக மாறிற்று. வளைபரப்பை நேர்கோடுகளால் உண்டாக்கும் இந்தக் கணிதம் கொத்தனாருக்குப் பெரிய வரம். இரண்டு முனைகளில் நூல் பிடித்துக் கட்டிக்கொண்டே போகலாம்.

பிற்காலத்தில் நம் நாட்டின் சண்டிகர் நகரை வடிவமைத்த லெ கொர்பூசியே 1928இல் பார்சிலோனாவுக்குச் சென்றபோது இந்தச் சிறு பள்ளியின் கூரையைத் தம் ஏட்டில் வரைந்துகொண்டார். சித்தாள்களின் பிள்ளைகள் படித்த பள்ளி உலக மேதைக்கும் பாடம் சொன்னது!

திருக்குடும்ப ஆலயம்

திருக்குடும்ப ஆலயத்துக்கு 1882ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பட்டது. தொடங்கியவர் வேறொருவர். மறு ஆண்டே பொறுப்பு கௌடியிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது 31. இறக்கும் வரை 43 ஆண்டுகள் அதற்காக உழைத்தார். இறுதிப் பத்தாண்டுகளுக்கு மேலாக வேறு எந்த வேலையையும் ஏற்கவில்லை. பணம் தீர்ந்தபோது வீடு வீடாகச் சென்று நன்கொடை கேட்டார்.

கயிற்று மாதிரியில் கற்ற பாடம் இங்கே மரமாக முளைத்தது. உள்ளே இருக்கும் தூண்கள் அடிமரம் போல எழுந்து, மேலே கிளைகளாகப் பிரிந்து, கூரையைத் தாங்குகின்றன. ஒவ்வொரு கிளையும் தன்மேல் இறங்கும் பாரத்தின் திசையில் சாய்ந்துள்ளது. பள்ளிக் கூரையில் சோதித்த நேர்கோட்டு வளைபரப்புகள் சன்னல்களாகவும் விதானங்களாகவும் வளர்ந்தன. சிறுவயதில் கழுதைமேல் அமர்ந்து பார்த்த மரங்கள் கல்லாய் வந்து நின்றன எனலாம்.

இது ஒருவர் வாழ்நாளில் முடியும் வேலை அன்று என்பதை அவர் நன்கு அறிவார். ஆகவே பின்வருவோர் அளந்து கட்டுவதற்காகப் பெரிய பிளாஸ்டர் மாதிரிகளைச் செய்து வைத்தார். திட்டமிட்ட 18 கோபுரங்களுள் அவர் கண்ணால் கண்டது ஒன்றே ஒன்று. அது 1925 நவம்பரில் முடிந்தது.

இறுதி நாட்கள்

கௌடி தம் தாய்மொழியாகிய கத்தலான் மொழியை உயிராகப் போற்றினார். சர்வாதிகார ஆட்சி நடந்த 1924ஆம் ஆண்டில், வழிபாட்டுக்குச் சென்ற அவரைக் காவலர் தடுத்தனர். ஸ்பானிய மொழியில் பேசுமாறு அவர்கள் வற்புறுத்தியும் 72 வயது முதியவர் கத்தலானிலேயே விடையளித்தார். அதற்காகச் சில மணி நேரம் சிறையில் இருந்தார்.

1926 ஜூன் 7ஆம் நாள் மாலை, சாலையைக் கடக்கும்போது டிராம் வண்டி மோதி விழுந்தார். பழைய உடையில் இருந்த அவரைப் பிச்சைக்காரர் என்றே எண்ணிவிட்டனர். ஏழைகளுக்கான மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மறுநாள்தான் இன்னார் என்று தெரிந்தது. ஜூன் 10ஆம் நாள் உயிர் நீத்தார். அவர் கட்டிய ஆலயத்தின் நிலவறையிலேயே அடக்கம் செய்யப்பட்டார். சில நாட்களுக்கு முன் அடையாளம் தெரியாமல் கிடந்தவருக்கு ஊரே திரண்டு வந்து வழிவிட்டது.

துன்பம் அத்துடன் முடியவில்லை. 1936இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது அவருடைய பணிக்கூடம் சூறையாடப்பட்டது. வரைபடங்கள் எரிந்தன. பிளாஸ்டர் மாதிரிகள் தூள்தூளாயின. கயிற்று மாதிரியும் இப்போது இல்லை. எஞ்சியவை சில புகைப்படங்களும் உடைந்த துண்டுகளுமே.

கணிப்பொறிக் காலத்தில்

அந்தத் துண்டுகளிலிருந்துதான் ஆலயம் மீண்டும் எழுந்தது. 1980களில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகர ஆய்வாளர்கள் புகைப்படங்களைக் கொண்டே கயிற்று மாதிரியை மீண்டும் செய்து காட்டினர். நியூசிலாந்தைச் சேர்ந்த மார்க் பரி என்பவர் 1979இல் மாணவராக அங்கே வந்து, பின்னர் விமானம் வடிவமைக்கும் கணிப்பொறி நிரல்களைக் கட்டட வேலைக்குக் கொண்டுவந்தார். உடைந்த துண்டுகளின் அளவுக்குப் பொருந்தும் வளைபரப்பு எது என்பதைக் கணிப்பொறியில் தேடினர். 2025 அக்டோபரில் ஆலயம் 162.91 மீட்டர் உயரத்தை எட்டி, உலகின் மிக உயர்ந்த கிறித்தவ ஆலயம் ஆயிற்று. திட்டமிட்ட உயரம் 172.5 மீட்டர்.

இன்று கட்டடக் கலையில் பரிணாம அல்காரிதம் என்னும் முறை பேசப்படுகிறது. அமெரிக்க அறிஞர் ஜான் ஹாலண்ட் 1975ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதற்கு அடிப்படை வகுத்தார். ஜான் ஃபிரேசர் என்பவர் இதைக் கட்டடக் கலைக்குப் பயன்படுத்தி 1995இல் ஒரு நூல் எழுதினார். முறை இதுதான். ஒரு கட்டடத்தின் உயரம், அகலம், வளைவு முதலியவற்றை எண்களாக எழுதிக்கொள்ள வேண்டும். அவை உயிரினத்தின் மரபணுக்களைப் போன்றவை. முதலில் நூறு வடிவங்களைக் கணிப்பொறி தாறுமாறாக உண்டாக்கும். எது குறைந்த பொருளில் நிற்கிறது, எதில் வெளிச்சம் நன்றாக வருகிறது என்று நாம் சொல்லும் அளவுகோலால் அவற்றுக்கு மதிப்பெண் போடும். தேறியவற்றை ஒன்றோடொன்று கலக்கும். அங்கங்கே சிறு மாற்றம் செய்யும். அடுத்த தலைமுறை பிறக்கும். இவ்வாறு பல தலைமுறைகள் கடந்தபின், யாரும் முன்கூட்டி எண்ணிப் பாராத வடிவம் ஒன்று எழுந்து நிற்கும்.

கௌடி இம்முறையைக் கண்டுபிடித்தார் என்று சொன்னால் அது மிகையாகும். அவருடைய கயிறுகள் இனப்பெருக்கம் செய்யவில்லை. அவர் எதையும் குருட்டுத்தனமாக மாற்றவும் இல்லை. ஆனால் மாற்று, பார், நல்லதை வைத்துக்கொள், மீண்டும் மாற்று என்ற ஒழுங்கு இரண்டுக்கும் பொது. வடிவத்தை முதலிலேயே முடிவு செய்து பொருளின்மேல் திணிக்காமல், நிபந்தனைகளை வகுத்துவிட்டு வடிவத்தைத் தேடிச் செல்வதும் பொது.

கருவியே வடிவத்தைத் தந்துவிட்டால் கலைஞனுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நானும் இக்கேள்வியால் குழம்பினேன். கௌடியின் கொட்டகை விடை சொல்கிறது. எந்த வடிவம் நிற்கும் என்பதை மட்டுமே புவியீர்ப்பு சொன்னது. நிற்கக்கூடிய ஆயிரம் வடிவங்களில் ஆலைத் தொழிலாளி வந்து மண்டியிட்டு வணங்கத் தக்கது எது என்பதை அது சொல்லவில்லை. எங்கே கயிறு கட்டுவது, எப்போது முடிச்சை அவிழ்ப்பது, எப்போது போதும் என்று நிறுத்துவது என்பவை கௌடியின் முடிவுகள். கணிப்பொறியும் நாம் கொடுக்கும் அளவுகோலால்தான் அளக்கும். அளவுகோல் சிறுமையானால் ஆயிரம் தலைமுறை கடந்தாலும் கிடைப்பது சிறுமையே.

முடிவுரை

மாணவ நண்பர்களே! கன்னாரின் மகன், நோயாளிச் சிறுவன், சுமாரான மதிப்பெண் பெற்ற மாணவன், விபத்தில் அடிபட்டபோது பிச்சைக்காரர் எனப்பட்ட முதியவர். இவர்தாம் அந்தோனி கௌடி. பத்தாண்டு உழைத்தும் எழாத கோபுரத்துக்காக அவர் வருந்தி முடங்கவில்லை. அந்தப் பாடத்தை அடுத்த கட்டடத்தில் வைத்துக் கட்டினார். பட்டறையில் கற்றதையும் கல்லூரியில் கற்றதையும் அவர் இரண்டாகப் பிரித்துப் பார்க்கவில்லை. நம்மில் பலர் உழைப்பாளர் வீட்டிலிருந்து வந்திருக்கிறோம். நம் பெற்றோர் கையால் அறிந்ததை நாம் கணக்கால் அறிய வந்துள்ளோம். இரண்டும் ஓர் ஆளிடம் சேர்ந்தால் என்ன நிகழும் என்பதற்குப் பார்சிலோனாவில் சான்று நிற்கிறது.

கயிற்று மாதிரியின் படம் இருந்த புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று அப்பாவிடம் காட்டினேன். நான் எதையும் விளக்கவில்லை. அவர் சற்று நேரம் பார்த்தார். பிறகு, நான் சொல்லாமலே புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பினார். ஒவ்வொரு பையாக விரல் வைத்துக்கொண்டே வந்து, பாரம் இங்கே இறங்குகிறது, இங்கே இறங்குகிறது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.